மொட்டைமாடியிலிருந்து மேகம் பார்ப்பது எப்படி?

நட்சத்திரம் பார்க்க இருட்டு வேண்டும், ஊருக்கு வெளியே போக வேண்டும், முடிந்தால் ஒரு டெலஸ்கோப்பும் வேண்டும். மேகம் பார்க்க இதில் ஒன்றும் தேவையில்லை. மொட்டைமாடி, நோட்டு, இருபது நிமிடம் இருந்தால் போதும்.

இந்த அத்தியாயத்தில் மூன்று வேலைகளைக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள். மேலே நிற்பது எந்த வகை மேகம் என்று சொல்வது, அதன் அடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடுவது, அது வளர்கிறதா கலைகிறதா என்று கண்டுபிடிப்பது. மூன்றாவதுதான் அசல் வேலை. பத்து வகைப் பெயர்களையும் மனப்பாடம் செய்துவிட்டு மாடியேறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வாரத்தில் சலித்துவிடுகிறார்கள். ஒரே மேகத்தைக் கால் மணி நேரம் விடாமல் பார்க்கப் பழகியவர்களுக்குப் பெயர் தன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் இங்கே பெயர்கள் நடுவில்தான் வருகின்றன.

## தேவையானவை

- கோடு போட்ட நோட்டு, பென்சில். (மழைத்துளி பட்டால் பேனா மை கலங்கிவிடும்.)
- ஆய்வகக் கடைகளில் கிடைக்கும், சிவப்புத் திரவம் உள்ள தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாதரசம் உள்ளதை வாங்க வேண்டாம்.
- மெல்லிய எவர்சில்வர் டம்ளர், கொஞ்சம் ஐஸ்.
- இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில், மூடியோடு.
- செல்போன். கேமராவைவிட அதில் உள்ள கடிகாரமும் திசைகாட்டியும்தான் அதிகம் பயன்படும்.
- உங்கள் கை. அளவுகோலாக அதைத்தான் பயன்படுத்தப் போகிறோம்.

## மாடியேறுவதற்கு முன்: பாதுகாப்பு

கைப்பிடிச் சுவர். அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் நடப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் ஆபத்து. பழைய வீடுகளில் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இருக்காது. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். நகர வேண்டுமானால் தலையைக் கீழே இறக்கிய பிறகு நகருங்கள். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறாதீர்கள். அங்கிருந்து வானம் ஒன்றும் கூடுதலாகத் தெரிந்துவிடாது.

சூரியன். மெல்லிய மேகத்துக்குப் பின்னால் இருக்கும் சூரியன் மங்கலாகத் தெரிவதால் பார்க்கலாம்போலத் தோன்றும். பார்க்கக் கூடாது. சூரியனுக்குப் பக்கத்தில் உள்ள மேகத்தைப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது கட்டடத்தின் மூலையில் சூரியன் மறையும்படி நின்றுகொள்ளுங்கள்.

மின்னல். இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். வயலிலும் மரத்தடியிலும் மாடியிலும் இருந்தவர்கள் இவர்களில் அதிகம். விதிகள் எளிமையானவை:

1. மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும்வரை எத்தனை விநாடி என்பதை மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும்.
2. முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கீழே இறங்குங்கள். எண்ண மறந்துவிட்டால், இடி காதில் விழுந்ததே இறங்கப் போதுமான காரணம்.
3. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை மேலே வராதீர்கள். மழை நின்றதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மழை பெய்யாத இடத்திலும், தலைக்கு மேல் நீல வானம் இருக்கும்போதும் மின்னல் விழும்.
4. வெளியில் மாட்டிக்கொண்டால் தனிமரம், தகரக் கொட்டகை, மின்கம்பம் எதுவும் வேண்டாம். கான்கிரீட் கட்டடம் அல்லது கண்ணாடி ஏற்றிய கார் நல்லது. பைக்கில் போகிறவர்கள் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு ஒரு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தந்திருக்கும் ‘தாமினி’ செயலியைப் போனில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் இருக்கிறதா என்று அது காட்டும்.

## பாட்டிலுக்குள் ஒரு மேகம்

மேகம் எப்படி உருவாகிறது என்பதற்குப் பத்துப் பக்க விளக்கம் தரலாம். அதைவிட இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிடுவது மேல். கலைவதும் இதிலேயே தெரியும்.

1. பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிட்டு, நான்கைந்து ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். கொதிநீர் ஊற்றினால் பாட்டில் சுருங்கிவிடும், கையும் வெந்துபோகும்.
2. பின்னால் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள்.
3. இரண்டு கையாலும் பாட்டிலை அழுத்தி, ஐந்து விநாடி வைத்திருந்து, சட்டென்று விடுங்கள். ஒன்றும் நடக்காது, அல்லது மிக லேசாக ஏதோ தெரியும்.
4. மூடியைத் திறந்து, அணைத்த தீக்குச்சியின் புகை கொஞ்சம் உள்ளே போகவிட்டு, உடனே மூடுங்கள். குச்சியைப் பெரியவர்கள் பிடிக்கட்டும்.
5. மறுபடி அழுத்தி, விடுங்கள். இப்போது பாட்டில் முழுக்க வெண்மையாக மூட்டம் போடும்.
6. திரும்ப அழுத்துங்கள். மூட்டம் காணாமல் போகும். விட்டால் திரும்ப வரும்.

எல்லோரும் செய்யும் தவறு: புகையை அள்ளி விடுவது. அப்புறம் தெரிவது புகையா மேகமா என்று சண்டை வரும். தீர்த்துக்கொள்ள வழி 6ஆம் படியிலேயே இருக்கிறது: அழுத்தினால் மறைவது மேகம், மறையாமல் நிற்பது புகை.

அழுத்தியபோது உள்ளே இருந்த காற்று சற்றே சூடானது. விட்டபோது விரிந்து குளிர்ந்தது. குளிர்ந்த காற்றில் நீராவி முன்போல் தங்க முடியாது. உட்கார ஒரு தூசு கிடைத்தால் போதும், துளியாகிவிடும். வானத்திலும் இதேதான். தரையில் சூடான காற்று மேலேறும்போது அங்கே அழுத்தம் குறைவாக இருப்பதால் விரிகிறது, குளிர்கிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி குறையும். தீக்குச்சிப் புகையின் வேலையை அங்கே கடல் உப்பும் மண்தூசும் அடுப்புப் புகையும் செய்கின்றன. போகி அன்று காலை சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் தாமதமாகும் அளவுக்கு மூட்டம் போடுவதற்குக் காரணமும் இதுதான். ஜனவரியின் ஈரக் காற்றுக்கு நகரம் முழுவதும் ஒரே விடியலில் தூசு கொடுக்கிறது.

மேகத்துளியின் குறுக்களவு 0.02 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்றுக்கு இவை பத்து லட்சம் சேர வேண்டும். மேகம் வந்த நாளெல்லாம் மழை வராததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

## அடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

தட்டையான அடியோடு குவியல் குவியலாக நிற்கும் மேகங்கள் தெரிகிற நாளில், காலை பத்து மணிக்குமேல், மாலை நான்குக்குள் இதைச் செய்யுங்கள்.

1. நிழலில், காற்றோட்டமான இடத்தில் தெர்மாமீட்டரை ஐந்து நிமிடம் தொங்கவிட்டுக் காற்றின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் சுவரின் சூட்டைத்தான் காட்டும்.
2. எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறத்தை உலரத் துடைத்து, பாதி அளவு குழாய்த் தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரை உள்ளே வையுங்கள்.
3. ஐஸைச் சிறு சிறு துண்டாகப் போட்டு, ஸ்பூனால் மெதுவாகக் கலக்குங்கள். தெர்மாமீட்டரால் கலக்காதீர்கள், உடையும்.
4. டம்ளரின் பளபளப்பு மங்கும் நேரத்துக்காகக் காத்திருங்கள். சந்தேகமாக இருந்தால் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு பளிச்சென்று தெரிந்தால் பனி படிந்துவிட்டது. அந்த வெப்பநிலையைக் குறியுங்கள்.
5. ஐஸ் போடுவதை நிறுத்துங்கள். பனி முழுதும் மறையும்போது மறுபடி குறியுங்கள். இரண்டின் சராசரிதான் பனிநிலை.
6. காற்றின் வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து, 125ஆல் பெருக்குங்கள். மேக அடியின் உயரம் மீட்டரில் கிடைக்கும்.

காற்று 35 டிகிரி, பனிநிலை 23 என்றால் வித்தியாசம் 12, உயரம் 1,500 மீட்டர். கடற்காற்று வீசும் ஊரில் 33க்கு 26 என்று வந்தால் 875 மீட்டர்தான். ஏப்ரல் மாத உள்மாவட்டம் ஒன்றில் 39க்கு 17 என்று வந்தால் 2,750 மீட்டர். கடைசிக் கணக்கைக் கவனியுங்கள். இவ்வளவு உயரத்திலிருந்து, இவ்வளவு வறண்ட காற்று வழியாக விழும் துளிகளில் பல தரையைத் தொடுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். மேகத்தின் அடியிலிருந்து சாம்பல் நிறத் தாரைகள் தொங்கும், பாதி வழியில் மங்கி மறைந்துவிடும். கோடையில் “பக்கத்தில் மழை கொட்டுது” என்று நாம் கைகாட்டும் இடத்தில் சில நேரம் ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது.

கவனிக்க: டம்ளருக்கு அருகே குனிந்து மூச்சு விடாதீர்கள், மூச்சின் ஈரமே படிந்துவிடும். இந்தக் கணக்கு தரைச் சூட்டில் எழும் குவியல் மேகங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். உயரத்தில் தெரியும் கீற்றுகளுக்கு இதைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பொருந்தவில்லை என்று வருந்த வேண்டாம். விடை, நீங்கள் நிற்கும் தரையிலிருந்து உள்ள உயரம். கொடைக்கானலில் நின்று கணக்கிட்டால் கடல் மட்டத்திலிருந்து என்று எழுதிவிடாதீர்கள்.

## பெயர் சொல்லும் வரிசை

இன்று உலகம் முழுக்கப் பயன்படும் பெயர்முறையைத் தொடங்கிவைத்தவர் லண்டனில் மருந்துப் பொருட்கள் தயாரித்துவந்த லூக் ஹோவர்ட். 1802இல் ஒரு சிறிய சங்கக் கூட்டத்தில் அவர் வாசித்த கட்டுரையில்தான் சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ராடஸ், நிம்பஸ் என்ற சொற்கள் வந்தன. முதல் சர்வதேச மேக அட்லஸ் 1896இல் வெளியானது. உலக வானிலை அமைப்பின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மொத்தம் பத்து வகை. நம் பள்ளிப் பாடநூல்களில் இவற்றுக்கு நல்ல தமிழ்ப் பெயர்கள் உள்ளன, அவற்றையே பயன்படுத்துவோம்.

வரிசையாக இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

கேள்வி 1. நாராக இருக்கிறதா, குவியலா, விரிப்பா?

வெள்ளை நாராக, இழையாக, நிழல் விழாமல் மிக உயரத்தில் இருந்தால் கீற்று மேகம். அது முழுக்க ஐஸ் துகள். தட்டையான அடியும் எழும்பும் தலையுமாகத் தனித்தனியே நின்றால் திரள் மேகம், அல்லது அதன் பெரிய வடிவமான கார்திரள் மேகம். இவற்றுக்கு அடுத்த பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். விரிப்பு என்றால் கீழே போங்கள்.

கேள்வி 2. விரிப்பில் கட்டிகள் உண்டா? ஒரு கட்டி எத்தனை விரல் அகலம்?

கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டியின்மேல் விரலை வையுங்கள்.

- சுண்டுவிரலுக்குள் மறைந்தால் கீற்றுத்திரள் மேகம்.
- ஒரு விரலுக்கு மேல், மூன்று விரலுக்குள் என்றால் இடைப்பட்ட திரள் மேகம்.
- மூன்று விரலுக்கும் பெரிது என்றால் படைத்திரள் மேகம்.

இந்த அளவு தொடுவானத்திலிருந்து 30 டிகிரிக்கு மேலே இருக்கும் மேகத்துக்குத்தான் செல்லும். நீட்டிய கையில் ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. தொடுவானத்திலிருந்து மூன்று முஷ்டி அடுக்கி, அதற்குமேல் உள்ளதை மட்டும் அளவிடுங்கள். கீழே உள்ளவை தூரத்தால் சிறுத்துத் தெரியும், எல்லாமே கீற்றுத்திரளாகிவிடும். உண்மையில் கீற்றுத்திரள் அரிது. நோட்டில் அது அடிக்கடி வந்தால் உங்கள் அளவில் ஏதோ பிசகு.

கேள்வி 3. கட்டியே இல்லாத விரிப்பா? சூரியன் எப்படித் தெரிகிறது?

- தரையில் உங்கள் நிழல் விழுகிறது, சூரியனையோ நிலாவையோ சுற்றிப் பெரிய வளையம்: கீற்றுப்படை மேகம்.
- சூரியன் விளிம்பில்லாத மங்கிய வட்டம், நிழல் இல்லை: இடைப்பட்ட படை மேகம்.
- சூரியன் இருக்கும் இடமே தெரியவில்லை, விடாமல் மழை: கார்படை மேகம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நெருங்கும் நவம்பர் நாட்களில் நன்கு பழக்கமானது.
- தாழ்வான சாம்பல் மூட்டம், குன்றையோ உயர்ந்த கட்டடத்தையோ மறைக்கிறது, தூறல் போடலாம், போடாமலும் இருக்கலாம்: படை மேகம். அதுவே தரையைத் தொட்டு, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாமல் போனால் மூடுபனி.

வளையத்தைச் சோதிக்க: கையை நீட்டி விரல்களை அகல விரியுங்கள். நிலாவின்மேல் கட்டைவிரல் நுனி இருந்தால் சுண்டுவிரல் நுனி ஏறத்தாழ வளையத்தில் படும். அது 22 டிகிரி. நிலாவை ஒட்டினாற்போல் சிறிதாக நிறத்தோடு தெரிவது வேறு. அது நீர்த்துளிகளால் வருவது. நிலா கோட்டை கட்டினால் மழை வரும் என்று ஊரில் சொல்வார்கள். நம் பகுதியில் இதை நம்பி நெல்லை மூட வேண்டாம் என்பது என் கருத்து. தொலைவில் எங்கோ எழுந்த இடிமேகத்தின் உச்சி கரைந்து வந்தாலும் இதே வளையம் தெரியும். புயல் நெருங்கும்போதும் தெரியும். வளையத்துக்குப் பிறகு விரிப்பு தடித்து, நிழல் மறைந்து, அடி இறங்கிக்கொண்டே வந்தால்தான் பொருட்படுத்துங்கள்.

பெரிய தவறு: நிறத்தை வைத்துப் பெயர் சொல்வது. சூரியனுக்கு எதிர்ப்புறம் வெள்ளையாகத் தெரியும் அதே மேகம், சூரியனுக்கு முன்னால் வந்தால் கறுத்து, ஓரம் மட்டும் ஒளிரும். மேகம் மாறவில்லை. கறுப்பு என்று எழுதினால் சூரியன் எந்தப் பக்கம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

## ஒரு திரள் மேகத்தைப் பின்தொடருங்கள்

ஏப்ரல், மே மாதங்களில், அல்லது ஆகஸ்ட், செப்டம்பரில், காலை பத்தரை மணிக்கு மாடிக்கு வாருங்கள். பின்வரும் படிகளை ஒரே மேகத்தில் செய்ய வேண்டும்.

1. சிறிய, தனியாக நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ஒரு செல்போன் கோபுரமோ தென்னையோ அடையாளத்துக்கு இருக்கட்டும்.
2. நேரத்தை எழுதுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோட்டுப் படம் போடுங்கள். ஓவியம் வர வேண்டியதில்லை, வெளிக்கோடு போதும்.
3. முதலில் அடியைப் பாருங்கள். பக்கத்து மேகங்களின் அடியும் இதே மட்டத்தில் இருக்கிறதா? இருந்தால் டம்ளர் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.
4. பிறகு தலையின் ஓரத்தை மட்டும் பாருங்கள். கத்தரித்ததுபோல் தெளிவான விளிம்போடு, காலிஃபிளவர் மாதிரி புடைத்துப் புடைத்து எழுந்தால் வளர்கிறது. விளிம்பு பிசிறடித்து, உள்ளே நீலம் எட்டிப் பார்த்தால் கலைகிறது.
5. உயரமும் அகலமும் எத்தனை விரல் என்று அளந்து எழுதுங்கள்.

அருகில் பார்ப்பதுபோல் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். புடைப்பு ஒன்று எழும்பும். இரண்டு மூன்று நிமிடத்தில் அதன் முனை மழுங்கும். ஓரத்தில் சிறு துணுக்குகள் பிரிந்து, நீலத்தில் கரைந்து போகும். அதற்குள் வேறொரு பக்கம் அடுத்த புடைப்பு கிளம்பியிருக்கும். வெளியே உள்ள வறண்ட காற்று ஓரத்தைத் தின்றுகொண்டே இருக்கிறது, தரையிலிருந்து வரும் ஈரக் காற்று உள்ளிருந்து நிரப்பிக்கொண்டே இருக்கிறது. நிரப்புவது நின்றதும் அடி முதலில் கந்தலாகும், பிறகு நடுவில் ஓட்டை விழும், பிறகு ஒன்றுமில்லை. நல்ல வெயில் நாளில் சிறு திரள் மேகம் ஒன்றின் ஆயுள் பெரும்பாலும் அரை மணிக்குள்தான். கண்ணால் உறுத்துப் பார்த்தே மேகத்தைக் கலைத்துவிட்டேன் என்று யாராவது சித்து காட்டினால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் யார் பார்த்தாலும் கலையும்.

உயரம் அகலத்தைத் தாண்டிவிட்டதா? இப்போது கவனம் கூட வேண்டும். உச்சியின் தெளிவான புடைப்புகள் மழுங்கி, நார் நாராகி, பக்கவாட்டில் தட்டையாக விரியத் தொடங்கினால், உச்சியில் நீர் ஐஸாகிவிட்டது. அது கார்திரள் மேகம். நம் பகுதியில் அதன் தலை 15 கிலோமீட்டருக்கும் மேலே போகும். அது உங்கள் தலைக்கு மேல் வந்த பிறகு அந்த உச்சி தெரியாது, இருண்ட கூரைதான் தெரியும். அதனால் தூரத்தில் இருக்கும்போதே அடையாளம் கண்டு, தாமினியைத் திறந்து, நோட்டை மூடுங்கள்.

சென்னை, கடலோர ஊர்களுக்கு: கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வந்ததும் தலைக்கு மேல் வானம் வெளுத்துவிடும். ‘இன்று ஒன்றுமில்லை’ என்று இறங்கிவிடாதீர்கள். கடற்காற்று உள்நாட்டுச் சூட்டுக் காற்றோடு மோதும் இடத்தில், கரையிலிருந்து உள்ளே தள்ளி, வரிசையாகத் திரள் மேகங்கள் எழும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே எழும் இடிமேகங்கள் மேல்காற்றில் கிழக்கே நகர்ந்து மாலையிலோ இரவிலோ நகரத்துக்கு வரும். மூன்று மணிக்குமேல் மேற்கைப் பாருங்கள்.

மழைக்கு முன்னால் சில்லென்று ஒரு காற்று அடிக்கும். அது மேகத்துக்குள்ளிருந்து மழையோடு இறங்கி, தரையில் பரவும் குளிர்காற்று. அந்தக் காற்றுதான் மேகத்தின் முடிவையும் கொண்டுவருகிறது. சூடான ஈரக் காற்று மேலேறும் வழியை அது அடைத்துவிடுகிறது. தனி இடிமேகம் ஒன்று ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுவது இதனால்தான். அடங்கிய பிறகும் விரிந்த உச்சி மணிக்கணக்கில் மிதக்கும். இரவு மழைக்கு மறுநாள் காலை தெரியும் சாம்பல் விரிப்பு பல நேரம் இந்த மிச்சம்தான்.

## கலைவதைப் பார்க்க இன்னும் சில இடங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரம். ஜூன், ஜூலையில் பொள்ளாச்சி, கம்பம் பக்கம் போனால் மேற்கே மலை முகட்டில் மேகச் சுவர் நிற்கும். காற்று அந்தப் பக்கத்திலிருந்து நம்மை நோக்கி வேகமாகத்தான் அடிக்கிறது, ஆனால் மேகம் வந்து சேராது. பைனாகுலர் இருந்தால் முகட்டுக்குக் கீழே உள்ள விளிம்பைப் பாருங்கள். துணுக்குகள் சரிவில் வழிந்து இறங்குவதும், சற்றுத் தூரத்திலேயே மறைவதும் தெரியும். இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. பாட்டிலை நீங்கள் திரும்ப அழுத்திய அதே கதை. செங்கோட்டைக் கணவாய் போன்ற இடைவெளிகளில் மட்டும் மேகமும் சாரலும் இந்தப் பக்கம் தப்பி வந்துவிடும். குற்றாலத்துக்குச் சீசன் இருப்பதும் அதனால்தான்.

மாலை ஐந்தரை மணி. வெயில் தாழ்ந்ததும் தரையிலிருந்து சூடு ஏறுவது நின்றுவிடும். திரள் மேகங்கள் எழும்ப முடியாமல் சப்பையாகி, பக்கவாட்டில் பரவி, படைத்திரளாகி, இருட்டுவதற்குள் பல நாள் காணாமல் போகும்.

மார்கழிக் காலை. மூடுபனி மேலிருந்து கரைவதைவிடத் தரையை ஒட்டியும் ஓரங்களிலிருந்தும்தான் அதிகம் கரைகிறது. மெல்லிய பனி வழியே வெயில் தரையைத் தொட்டுச் சூடாக்குகிறது. எட்டு மணிக்கு அது எழும்பித் தாழ்ந்த படை மேகம்போல் ஆவதைப் பாருங்கள். அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் நின்று பார்க்க வேண்டாம். வயல் வரப்பு போதும்.

## எந்தப் பக்கம் நகர்கிறது?

வெறும் கண்ணால் பார்த்தால் உங்கள் தலை அசைவதா மேகம் அசைவதா என்றே குழப்பம் வரும்.

1. செல்போன் திரையை அணைத்து, தரையில் மல்லாக்க வையுங்கள். கறுத்த கண்ணாடியில் மேகம் கண் கூசாமல் தெரியும்.
2. சூரியனின் பிம்பம் கண்ணில் படாத பக்கம் உட்காருங்கள்.
3. மேகத்தின் ஒரு முனை திரையின் எந்த ஓரத்திலிருந்து எந்த ஓரத்துக்குப் போகிறது என்று பாருங்கள். தலையை அசைக்காதீர்கள்.
4. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையே எழுதுங்கள். காற்றுக்கும் அப்படித்தான் எழுதுவது வழக்கம்.

இதற்குச் சிறந்த மாதம் ஜூலை. சென்னையில் தாழ்ந்த மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே போய்க்கொண்டிருக்கும். அவற்றின் இடைவெளியில் கீற்று மேகம் தெரிந்தால் அதை அளந்து பாருங்கள்: கிழக்கிலிருந்து மேற்கே போகும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, 14, 15 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து ஓர் அதிவேகக் காற்று வீசுகிறது. இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டேஸ்வரம் 1950களில் இதைப் பற்றி எழுதி உலகத்துக்குத் தெரியவைத்தார். இதைப் பார்க்க உங்களுக்கு ஒரு செல்போன் திரை போதும்.

## எவ்வளவு மூடியிருக்கிறது?

வானத்தை எட்டுப் பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். மேகமே இல்லை என்றால் 0, முழுதும் மூடினால் 8. ஒரே ஒரு துணுக்கு இருந்தாலும் 1 என்றுதான் எழுத வேண்டும், ஒரு சிறு ஓட்டை மட்டும் தெரிந்தால் 7. வானத்தை நான்கு கால்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டில் எவ்வளவு என்று மதிப்பிட்டுக் கூட்டினால் சரியாக வரும். தூரத்து மேகங்களின் பக்கவாட்டையும் சேர்த்துப் பார்ப்பதால் தொடுவானம் எப்போதும் அடைத்துக்கொண்டதுபோல் தெரியும், ஏமாந்து கூட்டி எழுதிவிடாதீர்கள். மூடுபனிக்குள் நின்றால் எண் போடாமல் ‘வானம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள்.

## நோட்டில் எழுதும் முறை

காலை 8.30, மாலை 5.30 என்ற இரண்டு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வானிலை நிலையங்களும் இந்த நேரங்களில் பதிவு செய்கின்றன, மழை அளவும் காலை 8.30இலிருந்து மறுநாள் 8.30வரைதான் கணக்கிடப்படுகிறது. பிற்பாடு ஒப்பிட வசதி. ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்:

*மாலை 5.30. மூடல் 5. தாழ்வில் திரள், சப்பையாகிறது, மேற்கிலிருந்து. உயரத்தில் கீற்று, கிழக்கிலிருந்து. மேற்கே ஒரு கார்திரள், உச்சி விரிந்திருக்கிறது. இடி இல்லை. 5.45: திரள் பாதி காணோம்.*

கடைசி வரிதான் உயிர். ‘அழகான வானம்’, ‘மப்பும் மந்தாரமும்’ போன்றவற்றை மறுவருடம் படித்தால் ஒன்றும் விளங்காது.

எழுதி முடித்த பிறகு மட்டும் வானிலைத் துறையின் இணையதளத்தில் இன்சாட் படத்தையும் ரேடார் படத்தையும் பாருங்கள். முன்பே பார்த்துவிட்டால் கண் படத்தில் உள்ளதைத்தான் தேடும். இன்சாட்டின் அகச்சிவப்புப் படத்தில் வெள்ளை என்றால் குளிர்ந்த உச்சி என்றுதான் பொருள், மழை என்று பொருளல்ல. மெல்லிய கீற்று விரிப்பும் வெள்ளையாகத் தெரியும். மழை இருக்கிறதா என்பதை ரேடாரில் பாருங்கள். சென்னைத் துறைமுகப் பகுதியில் டாப்ளர் ரேடார் 2002இல் நிறுவப்பட்டது, காரைக்காலிலும் ஒன்று உண்டு.

தொடங்க ஏற்ற மாதம் ஏப்ரல். ஒரே பகலில் சிறு திரளிலிருந்து கார்திரள்வரை எல்லாப் படியையும் பார்த்துவிடலாம். அக்டோபரில் தொடங்கினால் வகைகள் அதிகம் கிடைக்கும், ஆனால் மூன்று நான்கு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று கிடப்பதால் புதியவர்களுக்குச் சிரமம். பிப்ரவரியில் மட்டும் தொடங்காதீர்கள். பல ஊர்களில் நோட்டு முழுக்க 0 என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.